தாம்பரம் சானடோரியமும் வீட்டுத் திண்ணையும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் நாள்தோறும் பிரயாணம் செய்பவர்கள், குரோம்பேட்டையைத் தாண்டியதும் ‘தாம்பரம் சானடோரியம்’ என்று எழுதிய பலகையைப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போனவர்கள். அது ஓர் ஊரின் பெயர் என்றே அவர்களில் பலர் எண்ணியிருப்பார்கள். உண்மையில் அது ஒரு சிகிச்சை முறையின் பெயர். மலைக்காற்றும் மரநிழலும், ஓய்வும், பாலும் முட்டையும் கலந்த ஊட்டமான ஆகாரமும் தந்து, மாதக்கணக்காக, சில சமயம் வருஷக்கணக்காக, க்ஷயரோகிகளை ஊருக்கு வெளியே வைத்துப் பராமரித்த இல்லங்களுக்கே சானடோரியம் என்று பெயர். இங்கிலாந்தில் அத்தகைய இல்லம் ஒன்றை நடத்திய அனுபவத்தோடு தாயகம் திரும்பிய டாக்டர் டேவிட் சவரிமுத்து, 1928-இல் தாம்பரத்தில் ஒன்றை நிறுவினார். இன்று அவ்விடத்தில் அரசாங்கத்தின் நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது. ஆனால் காசநோய் என்று கண்டறியப்பட்ட ஒருவரை, ஓராண்டு வந்து தங்கு என்று அங்கே எவரும் அனுப்புவதில்லை.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. ஒரு நோய் நாட்டைவிட்டு ஒழிந்துபோனால் அதற்கென்று கட்டிய கட்டடங்கள் பயனற்றுப் போவது இயல்பே. ஆனால் எலும்புருக்கி என்று நம் பாட்டிமார் அஞ்சி அழைத்த இந்நோய் ஒழியவில்லை. உலகிலேயே மிகுதியான காசநோயாளிகள் இன்றும் நம் நாட்டில்தான் இருக்கிறார்கள். நோய் இருக்க, நோய்க்கென்று அமைந்த இல்லம் மட்டும் எவ்வாறு தேவையற்றுப் போயிற்று? நல்ல மருந்து வந்துவிட்டது என்று ஒரே வார்த்தையில் விடை சொல்லிவிடலாம். ஆனால் அது பாதி விடைதான். மருந்து புட்டிக்குள் இருப்பதற்கும், அதனால் ஒரு குடிசைவாசி பிழைத்தெழுவதற்கும் இடையே உள்ள தூரத்தையும் ஆராய்ச்சிக்குரிய ஒரு பொருளாகக் கருதி, சோதனைச்சாலை விஞ்ஞானியும் மருத்துவரும் புள்ளியியல் அறிஞரும் வீடுவீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளரும் சேர்ந்து உழைத்த வரலாறே மற்றப் பாதி. அத்தகைய கூட்டு முயற்சியை இன்று ஒருங்கிணைந்த ஆரோக்கிய ஆராய்ச்சி என்றும், அதன் முடிவுகள் எவ்வாறு நடைமுறைக்கு வருகின்றன, எங்கே தடைப்படுகின்றன என்று ஆராய்வதைச் செயலாக்க ஆராய்ச்சி என்றும் அழைக்கிறோம். இவ்விரண்டுக்கும் சென்னைச் சேத்துப்பட்டைப் போலத் துலக்கமான ஓர் உதாரணம் கிடைப்பது அரிது.

முதலில் மருந்தைப் பார்ப்போம். ராபர்ட் கோக் 1882-இல் காசநோய்க் கிருமியை அடையாளம் காட்டிய பிறகும் அறுபது ஆண்டுக் காலம் அதைக் கொல்லும் மருந்து கிட்டவில்லை. 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசினும், அதையொட்டிச் சுருக்கமாகப் பாஸ் என்று வழங்கிய மருந்தும், 1952-இல் ஐசோனியசிடும் வந்தன. ஆனால் ஒற்றை மருந்தை மட்டும் கொடுத்தபோது ஒரு விபரீதம் நேர்ந்தது. நோயாளி சில வாரங்கள் தேறுவார். பின்னர் மீண்டும் கிருமி தலையெடுக்கும். இம்முறை அம்மருந்து அதை ஒன்றும் செய்யாது.

ஏன் இப்படி? புண்பட்ட நுரையீரலில் உண்டாகும் ஒரு குழிவில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கின்றன. அவற்றுள் சுமார் பத்து இலட்சத்துக்கு ஒன்று, பிறவியிலேயே ஐசோனியசிடுக்கு அசையாததாக அமைந்துவிடுகிறது. ஊரிலுள்ள திருடர்களில் எவனோ ஒருவனிடம் நம் வீட்டுப் பூட்டுக்குப் பொருந்தும் சாவி தற்செயலாக இருப்பதைப் போன்றது இது. கதவுக்கு ஒரே பூட்டு இருந்தால் அவன் ஒருவன் போதும். இரண்டு வெவ்வேறு பூட்டுகளைப் போட்டுவிட்டாலோ, இரண்டுக்கும் பொருந்தும் சாவிகளை ஒருங்கே வைத்திருக்கும் திருடன் அந்த ஊரிலேயே இல்லாமல் போகக்கூடும். ஆகவேதான் இரண்டு மருந்துகளைச் சேர்த்துத் தருவது விதியாயிற்று.

ஏன் அவற்றை நெடுநாள் சாப்பிட வேண்டும் என்பதற்கு வயலில் இறங்கியவர்களிடம் உவமை தயாராக இருக்கிறது. கோரையைப் பிடுங்கி எறிந்த மறுநாள் வயல் துப்புரவாகத்தான் தோன்றும். ஆனால் மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கு, ஈரம் கண்டவுடன் மீண்டும் துளிர்க்கும். சுறுசுறுப்பாகப் பெருகும் கிருமிகள் மருந்துக்கு விரைவில் மடிகின்றன. உறங்கிக் கிடப்பவை மடிவதற்குக் காலம் பிடிக்கிறது. இருமல் நின்று, பசி எடுத்து, உடம்பில் தெம்பு வந்தது கண்டு இரண்டாம் மாதத்தில் மருந்தை நிறுத்துபவர், கிழங்கை உள்ளே விட்டுவிட்டுக் களையெடுத்தவர் ஆகிறார். அக்காலத்து மருந்துகளைக் கொண்டு கிழங்குவரை கல்லி எடுக்க ஓராண்டுக்குக் குறையாமல் தேவைப்பட்டது.

ஓராண்டுச் சிகிச்சை என்றவுடன் கணக்கு இடித்தது. நாட்டில் நோயாளிகள் பல இலட்சம். காசநோய்க்கான படுக்கைகளோ சில பத்தாயிரங்கள். ஐரோப்பாவில் செய்ததுபோல ஒவ்வொருவரையும் சானடோரியத்தில் சேர்த்துச் சிகிச்சை செய்வதானால், கட்டடம் கட்டி முடிவதற்குள் ஒரு தலைமுறையே மாண்டுபோகும். அப்படியானால் மருந்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? காற்று நுழையாத ஒற்றை அறையில் ஏழெட்டுப் பேரோடு வாழ்ந்து, அரைவயிற்றுக்கு உண்டு, முடிந்த நாளெல்லாம் வேலைக்குப் போகும் ஒருவர், வெறும் மாத்திரையால் குணமடைவாரா? உடனிருக்கும் குழந்தைகளின் கதி என்ன? இக்கேள்விகளுக்கு விடை காணவே, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை அரசாங்கமும் உலக சுகாதார ஸ்தாபனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் கைகோத்து, 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கின. அதன் முதல் ஆண்டுகளில் தலைமை தாங்கியவர் வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர்.

கேள்வியை எவ்வாறு கேட்டார்கள் என்பதே இவ்வரலாற்றில் நாம் நின்று நோக்க வேண்டிய இடம். வீட்டில் சிகிச்சை பெற்ற சிலரையும் சானடோரியத்தில் சிகிச்சை பெற்ற சிலரையும் பொறுக்கி எடுத்து ஒப்பிட்டால் போதாதா என்று தோன்றலாம். போதாது. யாரைச் சானடோரியத்துக்கு அனுப்புவது என்று மருத்துவரே தீர்மானித்தால், நோய் முற்றியவர் மீது இரக்கப்பட்டு அவரை அங்கே அனுப்புவார். நோயாளியே தீர்மானித்தாலோ, வசதி உள்ளவர் ஒரு பக்கமும் இல்லாதவர் மறு பக்கமும் சேர்வர். பிறகு இரு குழுக்களிடையே காணும் வேற்றுமை இடத்தால் வந்ததா, ஆட்களால் வந்ததா என்று பிரித்தறிய வழியே இராது. உத்தரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை முறையில், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, வேண்டுதல் வேண்டாமை அறியாத ஒரு சிறுவனைக்கொண்டு எடுக்கச் செய்தார்கள் அல்லவா? அந்தச் சிறுவனின் கைதான் இங்கேயும் தேவை. இன்னார் வீட்டுக்கு, இன்னார் சானடோரியத்துக்கு என்று மனிதர் எவருடைய விருப்பும் கலவாமல் சீட்டே தீர்மானிக்குமாறு விடுவதைத் தற்செயல் ஒதுக்கீடு என்கிறோம். பிராட்ஃபோர்டு ஹில் என்னும் புள்ளியியல் அறிஞர் வகுத்துத் தந்த இம்முறை, 1948-இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் பரிசோதனையால் உலகப் புகழ் பெற்றது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்குள்ளாகவே அது சென்னையின் ஏழை மக்களிடையே வந்து சேர்ந்துவிட்டது.

190-க்கு மேற்பட்ட நோயாளிகள் இவ்வாறு இரு பிரிவாயினர். இரு பிரிவினருக்கும் மருந்து ஒன்றே: ஓராண்டுக்கு ஐசோனியசிடும் பாஸும். வீட்டுப் பிரிவினர் மருந்தைத் தவறாமல் சாப்பிடுகிறார்களா என்பதை அறிய, சுகாதாரப் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மிச்சமுள்ள மாத்திரைகளை எண்ணினார்கள்; சிறுநீரில் ஒரு துளி ரசாயனம் சேர்த்து, நிறமாற்றத்தைக் கொண்டு பாஸ் உட்கொள்ளப்பட்டதா என்றும் பார்த்தார்கள். நோயாளியின் மீது அவநம்பிக்கையால் செய்ததன்று இது. சிகிச்சை தோற்றுப்போனால், தோற்றது மருந்தா, மருந்து வயிற்றுக்குள் போகாமையா என்று தெரியாவிட்டால் அடுத்து வரும் ஆயிரம் பேருக்கு என்ன செய்வது என்றும் தெரியாமல் போய்விடும் அல்லவா?

1959-இல் முடிவு வெளியாயிற்று. சானடோரியத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 92 பேரிடமும், வீட்டில் இருந்தவர்களில் நூற்றுக்கு 86 பேரிடமும் ஓராண்டின் இறுதியில் நோய் அடங்கியிருந்தது. இத்தனை சிறிய கூட்டத்தில் இவ்வளவு வேற்றுமை தற்செயலாலேயே தோன்றக்கூடியது. ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்தபோதும், குணமானவர்களிடம் நோய் திரும்புவது வீட்டுப் பிரிவில் அதிகமாக இல்லை. சானடோரியவாசிகள் நன்றாக உண்டார்கள், நன்றாக ஓய்வெடுத்தார்கள், எடையும் கூடுதலாகப் பெற்றார்கள். ஆயினும் சளியிலிருந்து கிருமி மறைவதில் அவர்களுக்கென்று தனிச் சலுகை எதுவும் கிட்டவில்லை.

குடும்பத்தாரைப் பற்றிய விடை இன்னும் வியப்பூட்டுவது. வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களின் மனைவி மக்களையும், ஓராண்டு பிரிந்திருந்தவர்களின் மனைவி மக்களையும் ஐந்தாண்டு கண்காணித்தபோது, இரு சாராரிடையேயும் புதிதாக நோய் கண்ட அளவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. காரணம் விளங்கக்கூடியதே. நோயாளி தமக்கு நோய் இருப்பதை அறிவதற்கு முன்பே பல மாதங்கள் இருமியிருக்கிறார். தொற்ற வேண்டியது பெரும்பாலும் அப்போதே தொற்றிவிட்டது. மருந்து தொடங்கியதும் அவர் பரப்பும் கிருமி வேகமாகக் குறைந்துவிடுகிறது. பால் பொங்கி வழிந்து முடிந்த பின் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வேறு அறையில் கொண்டுபோய் வைப்பதனால் என்ன தடுக்க முடியும்? இந்த ஒரு முடிவின் பயனாக எத்தனை தாய்மார்கள் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுப் பிரியாமல் இருந்திருப்பார்கள் என்று எண்ணும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது. புட்டியில் அடைத்து விற்கக்கூடிய எதுவும் அங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. ஆயினும் அதை மாபெரும் கண்டுபிடிப்பு என்றே நான் கொள்கிறேன்.

எனினும் வீடு சார்ந்த சிகிச்சை ஒரு புதிய இடரையும் வெளிக்கொணர்ந்தது. வயிற்றைப் புரட்டும் பாஸை, உடம்பு தேறிவிட்ட பிறகும் மாதக்கணக்கில் தாமாகவே விழுங்குவது எவருக்கும் எளிதன்று. படித்தவர் படியாதவர், பணக்காரர் ஏழை என்ற பேதமின்றி மனிதர்கள் மருந்தை விட்டுவிடுகிறார்கள். அப்படியானால் மற்றொருவர் கண்ணெதிரே மருந்தை உட்கொள்ளச் செய்யலாம். ஆனால் நாள்தோறும் நோயாளியும் செவிலியரும் சந்திப்பது எங்ஙனம் சாத்தியம்? வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் ஒருவாறு கைகூடும். ஆகவே வாரம் இருமுறை மட்டும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் அதிக அளவு ஐசோனியசிடும் கண்ணெதிரே கொடுத்துப் பார்த்தார்கள். 1964-இல் வெளியான அதன் முடிவு, தினசரி மருந்துக்கு இது சற்றும் இளைத்ததன்று என்று காட்டிற்று.

விட்டுவிட்டுத் தரும் மருந்து ஏன் பலிக்கிறது? மற்றப் பல கிருமிகள் அரைமணிக்குள் இரண்டாகப் பிளந்து பெருகுகையில், காசக்கிருமி ஒருமுறை பெருகச் சுமார் 20 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. சில மணி நேரம் மருந்தில் தோய்ந்து மீண்டாலோ, மருந்து நீங்கிய பிறகும் சில நாட்கள் அது ஸ்தம்பித்து நிற்கிறது. சோதனைக்குழாயில் இதை விரிவாக ஆராய்ந்தவர்களுள் டெனிஸ் மிச்சிசன் முக்கியமானவர். சோதனைச்சாலையில் ஊற்றெடுத்து மருத்துவமனை வழியாக மக்களிடம் பாயும் நதி என்றே ஆராய்ச்சியை நாம் உருவகித்துக்கொள்கிறோம். இங்கே, ஒரு செவிலியர் வாரத்தில் எத்தனை நாள் ஒரு நோயாளியைச் சந்திக்க முடியும் என்ற மிகச் சாதாரணமான சங்கடம் எதிர்த்திசையில் பயணம் செய்து, கிருமியின் உயிரியலைப் பற்றிய கேள்வியாக மாறிச் சோதனைச்சாலையின் மேசைமீது போய் அமர்ந்தது. ஒருங்கிணைப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

இதே காலத்தில், 1959-இல் பெங்களூரில் நிறுவப்பட்ட தேசியக் காசநோய் நிலையத்தில் வேறொரு வகையான கேள்வி எழுந்தது. கிராமத்து மக்கள் அறியாமையால் நோயை மறைக்கிறார்கள், மருத்துவரை நாடுவதில்லை என்பது அப்போது பரவலான அபிப்பிராயம். சமூகவியல் நோக்குடைய டெபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் துமகூர் மாவட்டத்துக் கிராமங்களில் நோயாளிகளையே கண்டு கேட்டார்கள். சளியில் கிருமி இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கள் உடம்பில் கோளாறு இருப்பதை உணர்ந்தே இருந்தார்கள். ஏறத்தாழப் பாதிப்பேர் ஏற்கெனவே சிகிச்சை நாடிச் சென்றும் இருந்தார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்ததோ ஒரு புட்டி இருமல் மருந்து. 1963-இல் வெளியான இந்த ஆய்வு, பழியை நோயாளியின் தலையிலிருந்து இறக்கிச் சுகாதார நிலையத்தின் வாசலில் வைத்தது. வீடுவீடாக எக்ஸ்ரே வண்டியை ஓட்டுவதைக் காட்டிலும், இருமலோடு தாமாகவே வந்து நிற்பவரின் சளியைச் சாதாரண நுண்ணோக்கியில் பார்ப்பதே முதல் கடமை என்பது இதனால் தெளிவாயிற்று. மாவட்டக் காசநோய்த் திட்டம் பொதுச் சுகாதார நிலையங்களையே ஆதாரமாகக் கொண்டது இச்சிந்தனையின் வழியில்தான்.

இவ்வளவும் அறுபதுகளிலேயே தெரிந்திருந்தும், அறிவு நாடெங்கும் செயலாக முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று என்பதை வருத்தத்தோடு எழுதுகிறேன். மருந்து சில ஊர்களுக்கு வராமலே போயிற்று. வந்த இடத்தில் பாதியில் நின்றவர்களைத் தேடுவார் இல்லை. தான்சானியாவில் பணியாற்றிய காரல் ஸ்டிப்லோ, சிகிச்சை தொடங்கிய ஒவ்வொருவருடைய பெயருக்கும் எதிரே குணமானார், இறந்தார், விட்டுப்போனார் என்று ஏதேனும் ஒரு முடிவு எழுதப்பட்டே ஆக வேண்டும் என்ற பேரேட்டு முறையை நிலைநாட்டினார். பெட்டிக்கடைக்காரரின் கடன் நோட்டைப் போன்ற எளிய சாதனம் அது. ஆனால் யார் கணக்கில் விடுபட்டார் என்பதை அது மறைக்கவிடாது. சென்னையில் முளைத்த நேரடிக் கண்காணிப்பும், இந்தப் பேரேடும், ஆறு மாதங்களில் முடியும் புதிய மருந்துச் சேர்க்கையும் இணைந்த திட்டம் 1993-இல் நம் நாட்டில் சோதனையாகத் தொடங்கி, 1997 முதல் விரிந்து, 2006-இல் நாடு முழுவதையும் எட்டியது. கண்ணெதிரே விழுங்கச் செய்வது மட்டுமே குணம் தந்துவிடாது என்றும் பிற்காலத்துப் பரிசோதனைகள் சில காட்டியுள்ளன. மருந்துக்காக ஒருநாள் கூலியை இழந்து வரிசையில் நிற்க நேர்பவருக்கு, அந்தக் கண்காணிப்பே ஒரு சுமையாகிவிடக்கூடும்.

இனி ஆகாரத்தைப் பற்றி. வீட்டில் குறைவாக உண்டவர்களும் குணமடைந்தார்கள் என்ற சென்னை முடிவை, காசநோய்க்கு உணவு முக்கியமல்ல என்று பலர் படித்துவிட்டார்கள். அந்த ஆய்வு கேட்ட கேள்வி அதுவன்று. மருந்து ஒழுங்காகப் பெறுபவரிடம் கிருமி மறைவதற்குச் சானடோரியத்து ஆகாரம் இன்றியமையாததா என்று கேட்டது. இல்லை என்று விடை வந்தது. பசித்திருப்பவரை நோய் எளிதில் பற்றுமா, எலும்பும் தோலுமாய் வந்து சேர்பவர் மருந்து வேலை செய்யும் வரை உயிர் தரித்திருப்பாரா என்பவை வேறு கேள்விகள். அவற்றை எவரும் அன்று சீட்டுப்போட்டுக் கேட்கவில்லை. ஒரு விடையை, அது பிறந்த கேள்வியிலிருந்து கழற்றி எடுத்துச் செல்வதால் விளையும் தீங்கு சிறிதன்று.

அந்த வேறு கேள்வியை ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை கேட்டுப் பார்த்தார்கள். அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் முன்னின்ற அந்த ஆய்வில் நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப்பொருள் தரப்பட்டது. ஆனால் சீட்டில் விழுந்த வட்டாரங்களில் மட்டும் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் வழங்கப்பட்டன. தனிமனிதரை விட்டு வட்டாரங்களையே சீட்டுக்கு உட்படுத்தியதற்குக் காரணம் உண்டு: ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு மூட்டையைக் கொடுத்து அடுத்த வீட்டுக்கு இல்லையென்றால் மனமும் ஒப்பாது, அரிசியும் சுவரைத் தாண்டிவிடும். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பத்தாரைத் தொடர்ந்து கவனித்ததில், உணவு பெற்ற வீடுகளில் புதிதாக நோய் கண்டது 39 விழுக்காடு குறைந்திருந்தது. 2023-இல் இது வெளியான போது, அறுபது ஆண்டுகளாக அரைகுறையாகப் புரிந்துகொள்ளப்பட்டிருந்த ஒரு பாடம் நேர்செய்யப்பட்டது.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், இதே இழையைப் பற்றிக்கொண்டு மற்றொரு கேள்வியைக் கேட்கிறது: யார் இறக்கிறார்கள், எப்போது? மருந்து இலவசமாகக் கிடைத்தும் இறப்பவர்களில் பெரும்பாலோர் முதல் சில வாரங்களிலேயே இறந்துவிடுகிறார்கள். அவர்களை முன்கூட்டியே இனங்காண நீண்டதொரு பரிசோதனைப் பட்டியலை வகுத்தால், கிராமத்துச் சுகாதாரப் பணியாளரால் எல்லோருக்கும் அதை நிறைவேற்ற இயலாது. நிறைவேறாத பட்டியல் எத்தனை நுட்பமானதாயினும் ஒருவரையும் காப்பாற்றாது. ஆகவே சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிலையத்தாரும் அரசுத் துறையினரும் சேர்ந்து, கைக்கு அடக்கமான சில அளவைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, கால்கள் வீங்கியிருக்கின்றனவா, மூச்சு நிமிஷத்துக்கு எத்தனை முறை வாங்குகிறது, விரல் நுனியில் மாட்டும் கருவி இரத்தத்தில் எவ்வளவு பிராணவாயு காட்டுகிறது, பிடிமானமின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்ற அளவிலேயே சோதனை முடிந்துவிடுகிறது. நோய் உறுதியான வேளையிலேயே, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதைச் செய்துவிடலாம்.

இவற்றில் தேறாதவரை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்புவதில்லை. மாவட்டந்தோறும் இதற்கென்று குறித்து வைத்துள்ள மருத்துவமனைகளில் ஒன்றுக்குச் சீட்டு எழுதி, சில நாட்களுக்குள் அவரைச் சேர்த்து, உணவும் பிராணவாயுவும் தேவைக்கேற்பத் தந்து, ஆபத்துக் கட்டம் தாண்டும் வரை வைத்துக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் படுக்கை வேண்டியதில்லை என்று 1959-இல் சென்னை சொன்னது; நாற்காலியிலிருந்து எழ முயன்று, முடியாமல், மேசையின் விளிம்பைப் பற்றிக்கொள்ளும் இந்த ஒருவருக்கு இன்று அந்தப் படுக்கை ஒதுக்கப்படுகிறது.